பெத்லகேமிலிருந்து எருசலேமுக்கு ஒரு மெழுகுவர்த்தி

"எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற 122-ஆம் சங்கீத வசனம் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்தே வளர்ந்தேன். கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கியார், இஸ்ரவேல் தேசம் உருவானதைக் குறித்து, "1948-ல் அத்திமரம் துளிர்விட்டது!" என்று முழங்கும்போது மெய் சிலிர்க்கும். அதற்கு முன் அந்த மண்ணில் யார் குடியிருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

2019-ல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், எங்கள் சேகரத்துச் சபையாரோடு புனித பூமிக்கு யாத்திரை புறப்பட்டோம். போதகர் ஐயரும் அவர் மனைவியான அம்மாவும் எங்களோடு வந்தார்கள். யோர்தான் நாட்டில் நேபோ மலை, பிறகு எல்லை கடந்து கலிலேயா. படகில் பாடினோம், யோர்தானில் இறங்கித் தண்ணீரைப் புட்டியில் பிடித்தோம். ஒலிவமலையில் பரமண்டல ஜெபம் பல மொழிகளில் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழ்ப் பலகையைக் கண்டதும் எல்லாரும் அழுதுவிட்டோம். இதையெல்லாம் போய்வந்த எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது பெத்லகேமைப் பற்றி.

இயேசு பிறந்த ஆலயத்தின் வாசல் நாலடி உயரந்தான். யாராயிருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே குகையில், பளிங்குத் தரையில் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். முழங்காலிட்டுக் கையை வைத்தேன். வாயில் ஜெபம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

வெளியே வந்து ஒலிவமரச் சிற்பங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் சிறு சிலுவை. எங்கள் குழுவில் ஒரு சித்தி ஆசையாய்க் கேட்டார்கள்: "உங்க குடும்பத்துக்கு சுவிசேஷம் கொண்டுவந்த மிஷனெரி யாரும்மா?"

அந்த அம்மா சிரித்தார்கள். "சபை பிறந்த பெந்தெகொஸ்தே நாளில் அரபியரும் இருந்தார்கள் என்று உங்கள் வேதாகமத்தில் இல்லையா, சகோதரி?"

அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரம் எத்தனை முறை வாசித்திருப்பேன்! "கிரேத்தரும், அரபியருமாகிய நாம்" என்ற இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

பணம் கொடுத்துக் கிளம்பும்போது அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நாளைக்குக் கல்லறை ஆலயத்துக்குப் போவீர்கள்தானே? எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவீர்களா?" எருசலேம் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் பெத்லகேம்காரர் போவதற்கு இஸ்ரவேல் ராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஈஸ்டருக்குச் சில வருஷம் கிடைக்குமாம். ஒரு வருஷம் அவர்களுக்குக் கிடைத்து மகன்களுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு என்ன ஈஸ்டர் என்று இருந்துவிட்டார்களாம். போய்ப் பதினோரு வருஷமாயிற்று என்றார்கள். திருநெல்வேலியிலிருந்து போன எனக்குத் திறக்கிற வாசல், அங்கேயே பிறந்தவருக்கு மூடியிருக்கிறது.

மறுநாள் சோதனைச் சாவடியில் ஒரு வீரர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். அதே சாவடியில் அந்நாட்களில் கூலி வேலைக்குப் போகிற பாலஸ்தீனர் விடியுமுன்னே வரிசையில் நிற்பார்கள். பக்கத்தில் எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர். 2002-ல் கட்டத் தொடங்கியது. பஸ்களிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. இஸ்ரவேலரின் பயம் பொய்யில்லை. ஆனாலும் சுவரின் பெரும்பகுதி எல்லைக்கோட்டில் நிற்காமல் பாலஸ்தீனர் நிலத்துக்குள் நுழைந்து செல்கிறது. அது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலையில் கருத்துரைத்தது. சுவரை ஒட்டி ஐதா அகதிகள் முகாம். அதன் வாசல் வளைவின் மேல் பிரமாண்டமான இரும்புச் சாவி. 1948 போரில் பாலஸ்தீனர் பூட்டிவிட்டு வந்த வீடுகளின் சாவிக்கு அடையாளம். அந்தப் போரில் வீடிழந்தவர்கள் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர்.

அன்று காலையே, நாஜிகளால் கொல்லப்பட்ட யூதருக்காக எருசலேமில் இருக்கும் யாத் வஷேம் நினைவகத்துக்குப் போனோம். நாஜிகள் கொன்ற 15 லட்சம் யூதப் பிள்ளைகளுக்கான நினைவிடம் ஒரே இருட்டு. சில மெழுகுவர்த்திகளின் சுடரே கண்ணாடிகளில் பெருகி எண்ணற்ற நட்சத்திரங்களாகத் தெரிகிறது. பிள்ளைகளின் பெயரும் வயதும் பிறந்த நாடும் குரலில் வந்துகொண்டே இருக்கின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கிறிஸ்துவைக் கொன்றவர்கள்" என்று யூதரை நூற்றாண்டுகளாகப் பழித்தது சபைதான். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு. யூதர் பயமின்றி வாழ ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை. ஆனால் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் பட்ட கடனைப் பெத்லகேம் கடைக்கார அம்மாவின் பிள்ளைகள் ஏன் அடைக்க வேண்டும்?

ஊர் திரும்பியபின் தேடித்தேடி வாசித்தேன். பாலஸ்தீனரும் ஆங்கிலிக்கன் குருவுமான நயீம் அத்தீக், பெத்சானில் பிறந்தவர். 1948-ல் பதினோரு வயதில் குடும்பத்தோடு துரத்தப்பட்டவர். எங்கள் பஸ்ஸும் அந்த ஊர் வழியாகத்தான் போனது. சவுலின் உடலைத் தொங்கவிட்ட ஊர் என்று மட்டும் வழிகாட்டி சொன்னார். ஆகாப் ராஜா அபகரித்த நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை வைத்து அத்தீக் பேசுகிறார். அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் நானே கற்பித்திருக்கிறேன். கர்த்தர் எலியாவை அனுப்பிக் கண்டித்தது இஸ்ரவேலின் ராஜாவையே என்பது அப்போதுதான் உறைத்தது.

2006-ல் எருசலேமின் நான்கு சபைத் தலைவர்கள், இன்றைய இஸ்ரவேல் அரசை வேத வாக்குத்தத்தத்தின் நிறைவேறுதலாக ஆதரிக்கும் கிறிஸ்தவ சீயோனிசம் தவறான போதனை என்று கையெழுத்திட்டு அறிவித்தார்கள். 2009 டிசம்பரில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் பெத்லகேமில் வெளியிட்ட கைரோஸ் அறிக்கை, ஆக்கிரமிப்பைத் தேவனுக்கும் மனிதருக்கும் விரோதமான பாவம் என்கிறது. எதிர்த்து நிற்பதையும் அன்பின் வழியில் செய்யச் சொல்கிறது. அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாலஸ்தீனரின் ஒலிவ அறுவடைக்குக் காவலாக நிற்கும் யூத ரபிகளும் இருக்கிறார்கள். 'உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்' என்ற வசனத்தை ஒரு அரசாங்கத்தின் எல்லாச் செயலுக்கும் ஆமென் போடும் உத்தரவாக நம் மேடைகள் மாற்றியதுதான் என்னை மிகவும் வேதனைப்படுத்துகிறது. இஸ்ரவேல், யூதா ராஜாக்களுக்கு எதிராக ஆமோஸ், எரேமியா பேசியதெல்லாம் எங்கே போயிற்று?

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றது. பிணைக்கைதிகளுக்காக எங்கள் சபையில் உபவாசமிருந்தோம், இருக்க வேண்டியதுதான். பன்னிரண்டு நாள் கழித்து காசாவில் பரிசுத்த பொர்பிரியு ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் இஸ்ரவேலின் குண்டுவீச்சில் செத்தார்கள். பிறகு பல்லாயிரம் பேர். அவர்களுக்காக ஜெபிக்கலாமா என்று எழுந்து கேட்டேன். "அது அரசியல்" என்றார் ஒரு மூப்பர். நான் உட்காரவில்லை, நின்றபடியே ஜெபித்தேன்.

அந்த மெழுகுவர்த்தியைச் சொல்லாமல் விட்டேனே. கல்லறை ஆலயத்தில் கூட்டம் நெரித்தது. வைத்த மெழுகுவர்த்தியை இரண்டே நிமிடத்தில் பிடுங்கி அடுத்தவருக்கு இடம் பண்ணுகிறார்கள். கடைக்கார அம்மாவின் பெயரைச் சொல்லி ஏற்றி, ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, வாசலருகே இயேசுவின் உடலைக் கிடத்தியதாகச் சொல்லப்படும் கல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்.

"அந்தக் கல்லில் இன்னும் ரோஜா எண்ணெய் வாசம் வருகிறதா?"