வர்றனுங்க

"எப்பவுமே சொல்லணுமா சார்?" என்று கேட்டான். "எப்பவுமே" என்றேன். இரண்டு மாதமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேன்டீனில் தமிழ் பழக வந்து உட்காருகிற வெளிமாநில ஆட்களுக்கு அ, ஆ எழுதிக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். பேச்சுத் தமிழ் மட்டும்தான். அதிலும் பீஸ், செக்கிங், டேமேஜ் எல்லாம் பனியன் கம்பெனிக்குள் வந்த மூன்றாம் நாளே வந்துவிடும். வராதது சும்மா பேசுவதுதான். "சாப்டாச்சுங்களா?" என்பது சோற்றைப் பற்றிய கேள்வி இல்லை, என்ன குழம்பு என்று விவரிக்க வேண்டாம். வெளியே கிளம்புகிறவரை "எங்க போறீங்க?" என்று கேட்டால் முகம் சுளிப்பார், "தூரமா?" என்று கேட்க வேண்டும். "போறேன்" கூடாது, "போயிட்டு வர்றனுங்க".

கடைசியைச் சொன்னதும் வங்காளத்து முர்ஷிதாபாத் பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓவர்லாக் டெய்லர். "எங்க ஊர்லயும் கிளம்பும்போது 'ஆஷி' சொல்லுவோம் சார். வர்றேன்னு அர்த்தம்." எனக்கும் குஷி. அந்தக் குஷியில்தான் யோசிக்காமல் "எப்பவுமே" என்றேன்.

கட்டிங் மாஸ்டரின் அப்பா தவறியபோது லைன் ஆட்கள் சேர்ந்து போனார்கள். சம்பளக் கணக்கு இருந்ததால் நான் போகவில்லை. எல்லோரும் சொல்லாமல் எழுந்து வர, இவன் மட்டும் மாஸ்டரின் அம்மா முன்னால் நின்று கைகூப்பி, நான் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில் "போயிட்டு வர்றனுங்கம்மா" என்றிருக்கிறான். மறுநாள் டீ நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "எல்லாம் உங்க டிரெய்னிங்குங்க!"

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று எனக்கும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆறு வயதில் அம்மா தொடையில் கிள்ளினாள், அவ்வளவுதான். கிள்ளாமல் இதை எப்படிச் சொல்லித்தருவது? சும்மா பேசப் பழக்குகிற இடத்தில் சாவை எங்கே கொண்டுவருவது? சாக்கு என்று எனக்கே தெரிகிறது. அவன்தான் கேட்டானே! 'ஆஷி'யை எங்கேயாவது சொல்லாமல் விடுவீர்களா என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால்கூட அந்தப் பேச்சு வந்திருக்கும்.

திருத்தலாம் என்றுதான் அவனைத் தேடிப் போனேன். அவன் முந்திக்கொண்டான். "சார், அந்தம்மாகிட்ட கரெக்டா சொன்னேன். 'வா சாமி'ன்னு கையைப் பிடிச்சாங்க." டீ நேரத்துச் சிரிப்பு அவன் காதுக்குப் போகவில்லை போலிருந்தது. தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த அம்மா வாய்ப்பழக்கத்தில் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? மாஸ்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த பேட்ச்சில் முதல் ஞாயிறே துக்க வீட்டைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன், கொஞ்சம் அதிகமாகவே. இப்போது வகுப்பு முடிந்தால் பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள், தயங்குகிறார்கள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.