எம்பிஎச் படிப்பில் என்னைக் காப்பாற்றிய ஆயிரம் பேர்

பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தபோது, மருத்துவம் தெரியாதே என்பதுதான் என் பயம். நான் படித்தது தாவரவியல். உள்ளே போனால், மருத்துவம் முடித்து வந்தவர்களே வேறொன்றைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்: புள்ளியியல்.

முதல் பருவ இடைத்தேர்வில் நான் கவிழ்ந்ததும் அதில்தான். சூத்திரம் எல்லாம் மனப்பாடம். கேள்வி இப்படி வந்தது: நூற்றில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90% பேருக்கு பாசிட்டிவ் என்றும், இல்லாதவர்களில் 90% பேருக்கு நெகட்டிவ் என்றும் பரிசோதனை சரியாகச் சொல்லும். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? யோசிக்காமல் 90% என்று எழுதிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு சீனியர் அக்கா சொன்னார்: "சதவீதத்தை விடு, 1,000 பேரை நிறுத்தி எண்ணு." 10 பேருக்கு நோய், அவர்களில் 9 பேர் பாசிட்டிவ். மீதி 990 பேரில் 99 பேருக்குத் தவறாக பாசிட்டிவ். ஆக, 108 பேரில் நிஜ நோயாளி 9 பேர்தான். 8 சதவீதச் சொச்சம்! அன்றிலிருந்து எந்தக் கணக்குக்கும் முதலில் நாலு கட்டம் (நோய் உண்டு, இல்லை; பாசிட்டிவ், நெகட்டிவ்) போட்டு ஆட்களை நிரப்பிவிடுவேன். இரண்டு குழுக்களின் நோய் ஆபத்தை ஒப்பிடும் ரிலேட்டிவ் ரிஸ்க்கும் (மொத்தப் பேரில் எத்தனை பேருக்கு நோய் என்பதை வைத்து), ஆட்ஸ் ரேஷியோவும் (நோய் உள்ளவர்களுக்கு எதிரே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து) எனக்குப் பிரிந்து தெரிந்தது அந்தக் கட்டங்களில்தான்.

நோய்ப்பரவலியலில் 1854 லண்டன் காலராவும், இறப்புகள் ஒரு தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்ததைக் காட்டிய மருத்துவர் ஜான் ஸ்நோவின் வரைபடமும் கட்டாயம் வரும். வரைபடத்தை எல்லோரும் எழுதுவார்கள். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பித்ததையும் எழுதுங்கள். அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. யாருக்கு வரவில்லை என்ற கேள்வி பிறகு ஆய்வேட்டிலும் உதவும்.

கொள்கை, நிர்வாகப் பாடங்கள் படித்தால் வந்துவிடும்.

ஆய்வேட்டுக்குப் பதின்பருவத்தினரின் மனநலம் என்று பெரிய தலைப்பாக எடுத்தேன். பெற்றோர் ஒப்புதல் எப்படி வாங்குவாய் என்று கேட்டு நெறிமுறைக் குழு இரண்டு முறை திருப்பி அனுப்பியது. நான்கு மாதம் போச்சு. கடைசியில், ஏற்கெனவே சேகரித்திருந்த கணக்கெடுப்புத் தரவில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்து முடித்தேன். அதற்கும் குழுவின் கடிதம் தேவைப்படலாம், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம்தான், முதல் பருவத்திலேயே தொட்டுவிடுங்கள். நான் ஆய்வேட்டு நேரத்தில்தான் தொடங்கினேன். அதில் எழுதிய நிரலில் விட்டுப்போன ஒரே ஒரு அடைப்புக்குறியை இரவு இரண்டு மணி வரை தேடியிருக்கிறேன்.