ஆபரேஷனுக்கு முன்னாடி நிறுத்தச் சொன்ன மாத்திரை

அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. பாக்குறவங்க எல்லாம் ஆபரேஷன பத்திதான் கேக்குறாங்க, ஆனா எங்க வீட்ட ஆட்டி வச்சது ஆபரேஷன் இல்ல, அதுக்கு முன்னாடி ரத்தம் உறையாம இருக்க சாப்பிட்ட மாத்திரைதான். உங்க வீட்ல யாருக்காச்சும் இதே மாதிரி தேதி குடுத்திருந்தா தயவுசெஞ்சு முழுசா படிச்சிருங்க.

அப்பாவுக்கு 64 வயசு, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், வீடு கோவில்பட்டில. ஒரு நாள் விடியக்காலம் நெஞ்சு அடைக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்தவருக்கு வேர்த்து பனியன் பூரா நனைஞ்சு போச்சு. பக்கத்து ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்த கையோட ஆஸ்பிரின் 325, குளோபிடோகிரெல் 75 மாத்திரை நாலு, ஆக மொத்தம் 300 மில்லிகிராம், ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்கத்தான், விழுங்க வச்சு மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டாங்க. அங்க மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணி பாத்தா இதயத்துக்கு ரத்தம் போற மூணு குழாய்லயும் அடைப்பு, சுகர் வேற இருக்கு, அதனால குழாய்க்குள்ள ஸ்டென்ட்னு கம்பிவலை வைக்கிறத விட பைபாஸ்தான் நல்லதுன்னுட்டாங்க. வலி அடங்கிருச்சு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அப்ரூவலும் வரணும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு தேதி குடுத்து அனுப்புனாங்க.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் அப்பா எப்பவும் போல ஷேவ் பண்ண உக்காந்தாரு. தாடைல சின்னதா ஒரு கீறல், கடுகு அளவுகூட இருக்காது. படிகாரத்த தேய்ச்சாரு நிக்கல, அம்மா பஞ்ச வச்சு அமுக்குனாங்க, எடுத்தா மறுபடி ஒரு சொட்டு எட்டிப் பாக்குது. துண்டுல அங்கங்க செவப்பு பொட்டு. சுவர் கடிகாரத்த பாத்துக்கிட்டே இருந்தேன், இருவது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. இத்தனூண்டு கீறலுக்கே இப்படின்னா நெஞ்ச பொளந்து ஆபரேஷன் பண்ணும்போது என்னாகும்னு அன்னைக்குதான் எனக்கு வயித்துல புளிய கரைச்சுச்சு.

டிஸ்சார்ஜ் சீட்டுல தெளிவாத்தான் எழுதியிருந்தாங்க, ஆபரேஷனுக்கு 5 நாள் முன்னாடி குளோபிடோகிரெல நிறுத்தணும், ஆஸ்பிரின் தொடரணும். தம்பி காலண்டர்ல அந்த தேதிய செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சான். அதுக்கு முந்தின நாள் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தீந்து போச்சு, அம்மா காலி அட்டைய எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்கு போனாங்க, கடைல இருந்த பையன் "ரெண்டும் ஒரே கேப்ஸ்யூல்ல இருக்கும்மா, ஒண்ணு போட்டா போதும்"னு ஒரு அட்டைய குடுத்துட்டான். பழைய அட்டைல இருந்த அதே பேருதான், கூட ஒரு வார்த்தை மட்டும் ஒட்டியிருந்துச்சு. மறுநாள்ல இருந்து குளோபிடோகிரெல் அட்டைய கரெக்டா எடுத்து பீரோக்குள்ள வச்சுட்டு இந்த கேப்ஸ்யூல மட்டும் ராத்திரி ராத்திரி குடுத்தோம். எல்லாம் சொன்னபடி செஞ்சிட்டோம்னு நிம்மதியா அட்மிஷனுக்கு கெளம்பி போயாச்சு.

முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வந்தாங்க, ரொம்ப பொறுமையான மேடம். "சீட்டு வேணாம்மா, வீட்ல குடுத்த மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுங்க"ன்னாங்க. அம்மா மஞ்சப்பைய கட்டில்ல கவுத்துனாங்க. ஒவ்வொண்ணா திருப்பி பாத்துக்கிட்டே வந்தவங்க அந்த கேப்ஸ்யூல் அட்டைய மட்டும் கைல வச்சுக்கிட்டு "இத எப்ப கடைசியா போட்டாங்க?"ன்னு கேட்டாங்க. நேத்து ராத்திரின்னு சொன்னோம். அட்டையோட பின்பக்கம் வெள்ளி கலர் மேல எறும்பு ஊந்த மாதிரி பொடி எழுத்து, அத நகத்தால காட்டுனாங்க. ஆஸ்பிரின் 75, கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின், மூணாவது குளோபிடோகிரெல் 75.

அம்மா அப்படியே தரைல உக்காந்துட்டாங்க. நான்தான் குடுத்தேன் நான்தான் குடுத்தேன்னு அழுதாங்க. அந்த மேடம் குனிஞ்சு அம்மா தோள தொட்டு, "கேட்டு தெரிஞ்சாச்சுல்ல, அதுவரைக்கும் நல்லது, தேதி தள்ளுவோம் அவ்ளோதான்"ன்னு சொன்னத எங்க குடும்பம் மறக்காது.

ஏன் 5 நாள்னு அவங்ககிட்டயே கேட்டேன். ரத்தத்துல தட்டணுக்கள்னு இருக்கு, அடிபட்ட எடத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைப்பு போடுறது அதுங்கதான். குளோபிடோகிரெல் பட்ட தட்டணு அதோட ஆயுசு முடியுற வரைக்கும் சரியா ஒட்டாது, மாத்திரைய நிறுத்துனாலும் அது திருந்தாது. ஒரு தட்டணு இருக்கப்போறது எட்டு பத்து நாள், உடம்பு தெனமும் பத்துல ஒரு பங்கு புதுசா உண்டாக்கும், அப்ப 5 நாள் போனா பாதிக்கு பாதி நல்லது வந்துரும், ரத்தம் நிக்க அது போதும்னாங்க. அப்ப ஆஸ்பிரின ஏன் நிறுத்தலன்னா, அதனால வர்ற ரத்தக் கசிவு சமாளிக்கக் கூடியது, புதுசா வைக்கிற ரத்தக்குழாய் அடைக்காம இருக்க அது வேணும். எல்லா மாத்திரைக்கும் ஒரே கணக்கும் இல்ல, இதே வகைல பிரசுக்ரெல்னா 7 நாள் சொல்லுவாங்களாம், டைகாக்ரெலார்னா அத விட கொறச்சலாம்.

அஞ்சு நாள் வார்டுலயே இருந்தோம். வயித்துல தோலுக்கு அடில காலைலயும் ராத்திரியும் ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் வகை ஊசி ஒண்ணு போட்டாங்க, குளோபிடோகிரெல் இல்லாத நாள்ல பாதுகாப்புக்கு. தொப்புள சுத்தி நாவப்பழ கலர்ல திட்டு திட்டா கன்னிப் போச்சு, தேய்க்காதீங்க தானா மாறும்னு சிஸ்டர் சொன்னாங்க. முட்டி வலிக்கு அப்பா வழக்கமா கடைல வாங்கி போடுற வலி மாத்திரை, யாரோ சொல்லி வெறும் வயித்துல தின்னுக்கிட்டிருந்த பச்சப்பூண்டு, ரெண்டையும் அப்பவே நிறுத்தச் சொல்லிட்டாங்க. இதெல்லாம் மருந்துன்னே நாங்க நெனைக்கல, அதனால சொல்லவும் இல்ல.

பக்கத்து கட்டில்ல ராமநாதபுரத்து அக்கா ஒருத்தங்க, சின்ன வயசுல காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போய் வால்வு மாத்த வந்திருந்தாங்க. அவங்க சாப்பிட்டது அசிட்ரோம், அதுவும் ரத்தம் உறையாம இருக்க குடுக்குறதுதான். அவங்களுக்கு மட்டும் தெனமும் ஐஎன்ஆர்னு, ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குற டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாங்க, நமக்கு ஏன் எடுக்கலன்னு அப்பாவுக்கு ஒரே கவலை. குளோபிடோகிரெலும் அசிட்ரோமும் வேற வேற மருந்தாம், அசிட்ரோம் வைட்டமின் கே வேலைய தடுக்குது, அதனாலதான் முருங்கக்கீரை ஒரு நாள் நெறைய ஒரு நாள் இல்லாமன்னு சாப்பிடக்கூடாதுன்னு அந்த அக்கா சொன்னாங்க. நாம ரெண்டையும் ரத்தம் மெலியுற மாத்திரைன்னு ஒரே பேர்ல சொல்லிட்டு அவங்க நிறுத்துன கணக்க நம்ம வீட்டு நோயாளிக்கு போட்டோம்னா ஆபத்துதான்.

ஆபரேஷன் அன்னைக்கு காலைல சர்ஜன் ஒரு விஷயம் சொன்னாரு. இதய நுரையீரல் மிஷின்ல போடும்போது அவங்களே ஹெப்பாரின் நெறைய குடுத்து ரத்தம் உறையாம வச்சுக்குவாங்க, முடிஞ்சதும் புரோட்டமைன்னு ஒரு மருந்து குடுத்து அத முறிச்சிருவாங்க. குளோபிடோகிரெலுக்கு அப்படி முறிவு மருந்து கெடையாது, தட்டணு ஏத்தலாம், மத்தபடி நாள்தான் மருந்து. தம்பி கூட்டாளிக நாலு பேரு ரத்தம் குடுக்க விடிய முன்னாடியே வந்து நின்னாங்க, நல்லா இருக்கட்டும் அந்த பிள்ளைக.

அஞ்சரை மணி நேரம் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி ஐசியு வாசல்ல நாங்க கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், நெஞ்சுல இருந்து வர்ற டியூப்ல எவ்ளோ ரத்தம் வந்திருக்கு. மணிக்கு மணி கொறையுதுன்னு சிஸ்டர் சொல்லச் சொல்லத்தான் மூச்சு வந்துச்சு. மறுநாளே ஆஸ்பிரின் ஆரம்பிச்சாங்க, சில நாள் கழிச்சு குளோபிடோகிரெலும்.

இப்ப அம்மா ஒவ்வொரு அட்டைலயும் வெள்ள பிளாஸ்திரி ஒட்டி, உள்ள இருக்குற மருந்து பேர பேனால எழுதி வச்சிருக்காங்க. கடைல குடுத்தா கண்ணாடிய போட்டுக்கிட்டு பின்பக்கம் படிச்சிட்டுத்தான் காசே எடுக்குறாங்க.

போன வாரம் சித்தப்பா வந்திருந்தாரு, அவருக்கு ஸ்டென்ட் வச்சு நாலு மாசம்தான் ஆகுது, பல்லு புடுங்கணும், அண்ணன் மாதிரி நானும் 5 நாள் மாத்திரைய நிறுத்திர்றேன்னாரு. எனக்கு பதறிருச்சு. கையோட அவரோட இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன், ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது, இப்ப நிறுத்துனா ஸ்டென்டுக்குள்ள ரத்தம் கட்டிரும், உயிருக்கே ஆபத்து, மாத்திரையோடயே பல்ல எடுக்கலாம்னு பல் டாக்டருக்கு லெட்டரும் குடுத்தாரு. நேத்து பல்ல எடுத்தாச்சு. பஞ்ச கொஞ்சம் கூடுதல் நேரம் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, நின்னுருச்சு.