வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் பெண்கள்

கணவனிடம் அடிபட்ட பெண் பெரும்பாலும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஆனால் எலும்பு முறிவு, தீராத தலைவலி, தூக்கமின்மை, கருச்சிதைவு, தற்கொலை முயற்சி என வெவ்வேறு வடிவங்களில் அந்த வன்முறை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இதை உணர்ந்துதான் மும்பை மாநகராட்சியும் செஹத் என்ற ஆய்வு நிறுவனமும் இணைந்து, 2000-ஆம் ஆண்டில் பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ ஆலோசனை மையத்தை நிறுவின. வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் பெண்ணின் காயம் அந்தக் கதையோடு பொருந்தாதபோது, உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் செய்து, தனிமையில் பரிவோடு விசாரித்து, ஆலோசகரிடம் அனுப்பிவைக்க அங்குள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் பயிற்சி பெற்றார்கள்.

இது காவல்துறையின் வேலை என்று மருத்துவர்கள் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான அளவு 29 விழுக்காடு. இவ்வளவு பேரைத் தாக்கும் ஒரு நோய்க்கு நாம் எப்போதோ தனிப்பிரிவு தொடங்கியிருப்போம். நமது அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில், அந்தப் பெண் தனியாகப் பேசுவதற்குக் கதவுள்ள ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் முதலில் வேண்டும்.