புளியமரத்தடி மேடை

நான் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த மனநல இல்லத்தில், புளியமரத்தைச் சுற்றி மேடை கட்டலாமா என்ற பேச்சு வந்தபோது மருத்துவர், சிஸ்டர், அறக்கட்டளைக்காரர்கள் எல்லோரும் சரி என்றுதான் சொன்னார்கள். தயங்கியவர் அங்கே தங்கப்போகும் ஒரு பெண்ணின் அம்மா. வரைபடத்தில் இருந்த பச்சை வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இது என்ன மரம் தம்பி?" என்றார். சொன்னேன். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"எதுகிட்ட இருந்து பிள்ளையக் காப்பாத்தணும்னு ஊர் ஊரா அலைஞ்சமோ, அதுக்கு அடியிலயே கொண்டுபோய் உட்கார வைக்கிறீங்களே."

"பகல்லதான்மா உட்காருவாங்க. ஆறு மணிக்கெல்லாம் உள்ளே போயிடுவாங்க" என்றேன்.

அவர் ஓரளவு சமாதானமானார். மருத்துவர் ஆகவில்லை. அந்த அம்மா போனதும், "ராத்திரியில பேய் வரும்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? பேய் கிடையாது என்று அந்த மேசையில் நான் விளக்கியிருந்தால் அவர் பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். எனக்கு வேண்டியது நிழல். குளோர்புரோமசின் மாதிரி மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிவிடும். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர்கள் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் இவர்களை வெளியே உட்கார வைக்க வேண்டுமென்றால் அடர்ந்த நிழலும் பக்கத்திலேயே குடிநீரும் வேண்டும். அந்த மனையில் நிழல் என்று சொல்ல இருந்தது அந்த ஒரு மரம்தான். புங்கன்கன்று வைத்தால் ஆள் உட்காரும் அளவுக்கு நிழல் விழச் சில வருடங்களாவது ஆகும்.

இப்படி எழுதும்போது என் பக்கம் பலமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் உச்சிமுடியைப் பிடித்து, புளியமரத்தில் வைத்து ஆணியடித்திருக்கிறார்கள். இது பிறகு சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். நம் பக்கம் பேயோட்டுகிறவர்கள் காலம்காலமாகச் செய்வதுதான். கேரளத்தில் சோற்றானிக்கரை கோயிலின் கீழ்க்காவுக்குப் போனவர்கள் பாலை மரத்தில் ஆணிகளைப் பார்த்திருப்பார்கள். அந்த அம்மாவுக்குப் புளியமரம் 'இயற்கை' இல்லை, மகளின் நோய்க்கதையில் ஒரு பாத்திரம்.

எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வார்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். அறக்கட்டளைக்காரர்களிடம் நானும் அதைத்தான் காட்டினேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மொத்தம் 46 பேர். ஜன்னலுக்கு வெளியே நின்றது என்ன மரம், அதைப் பற்றி அவர்கள் பாட்டி என்ன சொல்லி வளர்த்தாள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அதே மனையில் வேலியோரம் மஞ்சள் அரளி வரிசையாக நின்றது. அதன் கொட்டையை அரைத்துக் குடித்து உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஏராளம். மனநல இல்லத்துக்குள் அதற்கு இடமே கிடையாது, முதல் வாரமே வேரோடு எடுத்தோம். அப்போது வருத்தப்பட்டதும் இதே அம்மாதான். "சாமிக்குப் போடற பூவாச்சே!" தினமும் ரசத்தில் கரைத்துக் குடிப்பதன் மேல் பயம், நிஜமான விஷத்தின் மேல் பக்தி. இதை வைத்து அவரை மடக்கிவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. மடக்காமல் விட்டது நல்லதுதான்.

2017 மனநலச் சட்டத்தில் என் வேலைக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. சங்கிலி போடக்கூடாது, கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, பாதுகாப்பான சுத்தமான இடம் வேண்டும், அந்தரங்கம் வேண்டும். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்துத் தீயில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோன நாட்டில் தாழ்ப்பாள் வரையும்போது கை தானாகக் கவனமாகிவிடுகிறது. மரத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. நானும் மருத்துவரும் பேசி முடிவெடுத்தோம். மேடை கட்டினோம்.

மாசி, பங்குனியில் அங்கேயே புளி உலுக்குகிறார்கள். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை நீக்கி உருண்டை பிடிக்கிறார்கள், செய்தவருக்குக் கூலியும் உண்டு. அந்தப் பெண்ணும் செய்கிறாள். வேகமான கை, உருட்டுக்கட்டையால் ஓர் அடி, ஓடு மட்டும் தனியாக வந்துவிடும். அம்மா பார்க்க வரும் நாளில் மட்டும் மேடைப் பக்கமே போவதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மருத்துவர் இதைப் பெரிய முன்னேற்றம் என்கிறார். சிஸ்டர், "அம்மாவுக்காகத்தான் சார் போறா, நமக்காகவும் அப்படித்தான் மரத்தடியில உட்கார்றாளோ என்னமோ" என்கிறார். இரண்டில் எது என்று அவளிடமே கேட்டுவிடலாம். நான் கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள்.

இப்போது வேறொரு இல்லத்துக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். அங்கேயும் ஒரு புளியமரம், இதைவிடப் பெரியது. மரத்தைப் பற்றி முதலில் தங்கப்போகிறவர்களிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டு அப்புறம் வரைபடம் போடுவோம் என்று எழுதினேன். "வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவீர்களா?" என்று நிர்வாகி பதில் போட்டிருக்கிறார். வெட்ட மாட்டேன் என்றால் பிறகு எதற்குக் கேட்பது? வெட்டுவேன் என்று எழுதவும் கை வரவில்லை.