குவெஸ்ட் லெவல் என்பது ஓர் எண் இல்லை, இரண்டு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டில் புதிதாக இறங்கும் பலர் குழம்பும் இடம் இது. ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் (விளையாட்டு தரும் பணிக்கு) இரண்டு எண்கள். ஒன்று, அதை எடுக்கத் தேவையான குறைந்தபட்ச லெவல். இன்னொன்று, குவெஸ்ட்டின் சொந்த லெவல். எடுக்க முடிகிறது என்பதால் முடிக்க முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயரின் நிறத்தைப் பாருங்கள்: உங்களைவிட 3, 4 லெவல் மேலே என்றால் ஆரஞ்சு, 5 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு. சிவப்பில் தனியாகப் போனால் அடி தவறும், மந்திரம் பலிக்காது, நேரம்தான் வீண்.

தலைகீழ் தவறுதான், அதாவது தாமதமாக ஒப்படைப்பதுதான், அதிகம் வலிக்கும். குவெஸ்ட்டைவிட 5 லெவல் மேலே போகும்வரை முழு எக்ஸ்பி (லெவலை உயர்த்தும் அனுபவப் புள்ளிகள்) கிடைக்கும். 6 ஆனால் 80 சதவீதம், 7க்கு 60, 8க்கு 40, 9க்கு 20, 10 அல்லது அதற்கு மேல் ஆனால் வெறும் 10. அதனால், முடித்தவற்றில் லெவல் குறைந்ததை முதலில் ஒப்படையுங்கள்.

பெரிய லெவல் நண்பரைத் துணைக்கு அழைத்தால் அரக்கர்களைக் கொல்வதில் வரும் எக்ஸ்பி சுருங்கும். குவெஸ்ட் எக்ஸ்பி குறையாது, அது உங்கள் லெவலை மட்டுமே பார்க்கும். ஆனால் குறைந்தபட்ச லெவலை எட்டாதவருக்கு குவெஸ்ட்டைப் பகிர முடியாது.