மூடிப்பெட்டி 650 ரூபாய்

டிசம்பர் 13, 2024, வெள்ளி

சாயல்குடியில் நேற்றிலிருந்து மழை. மரத்தில் இருக்கிற பனை ஓலை எந்த மழைக்கும் அசராது. அதையே வெட்டி, காயவைத்து, பெட்டியாக முடைந்துவிட்டால் ஈரக்காற்றுக்கே கரும்புள்ளி வைத்துவிடுகிறது. மதுரைக் கைவினைச் சந்தைக்கென்று சேர்த்த 140 உருப்படியில் 11-ல் பூஞ்சை. லேசாக இருந்ததைத் துணியால் துடைத்து அடுப்படிப் பரணில் ஏற்றினேன். புகை பட்டால் பூஞ்சை அண்டாது என்பது அத்தையின் வைத்தியம். கேஸ் அடுப்பில் புகை ஏது அத்தை என்றேன். “வெக்கையாவது இருக்குல்ல” என்றார்.

டிசம்பர் 27, வெள்ளி

விலைச்சீட்டு எழுத உட்கார்ந்தால் வீட்டில் சண்டை.

என் கணக்கு இதுதான். மூடி வைத்த பெரிய பெட்டிக்குக் குருத்தோலை 60 ரூபாய், சாயம் 15. ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வாரி, சாயத்தில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கி முடைந்து விளிம்பு கட்டி முடிக்க அத்தைக்கு ஒன்றரை நாள். நூறு நாள் வேலைக்கே இந்த வருஷம் நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கூலியையே போட்டாலும் 480 வருகிறது. ஆக 555. கடை வாடகை, பஸ்ஸில் மூட்டைக்குத் தரும் லக்கேஜ் காசு எல்லாம் சேர்த்து 650 என்று எழுதினேன்.

“ஓலைப்பெட்டிக்கு அறுநூத்தம்பதா? கேக்குறவுக சிரிப்பாக, தாயி.”

அத்தை சின்னவராக இருந்தபோது பெட்டிக்குக் காசே கிடையாதாம். பெட்டி நிறைய நெல்லோ கம்போ அளந்து போடுவார்களாம். அப்படியானால் பெரிய பெட்டிக்குப் பெரிய கூலி, நியாயமான ஏற்பாடுதானே என்றேன். பதில் இல்லை. சீட்டை மட்டும் மாற்றவில்லை.

ஜனவரி 3, 2025, வெள்ளி

முதல் நாள். மூன்று நாளைக்கு வாடகை 4,500. எட்டடி இடம், இரண்டு மேசை, ஒரு லைட். பக்கத்தில் ஒரு பக்கம் பத்தமடைப் பாய், மறுபக்கம் சுடுமண் விளக்கு.

மதியம் வரை விற்றது மூன்று விசிறி. எடுத்துப் பார்க்கிறார்கள், முகர்ந்துகூடப் பார்க்கிறார்கள், “இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். பாய்க்கடை அண்ணாச்சிதான் சொன்னார், “வெறும் பெட்டிய வச்சா அது பெட்டிதாம்மா. உள்ள ஏதாவது போட்டு வைங்க.” ஓடிப்போய் வெங்காயமும் பூண்டும் வாங்கி, கொட்டான் என்கிற சின்ன ஓலைக்கூடை ஒன்றில் போட்டேன். சாப்பாட்டுக்குக் கட்டிவந்த சப்பாத்தியை மூடிப்பெட்டியில் வைத்துத் திறந்து காட்டினேன். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் ஆவியில் வேர்த்து நசநசத்துவிடும், ஓலையில் அது கிடையாது. சாயங்காலத்துக்குள் மூடிப்பெட்டி நான்கு போனது. ஆறின சப்பாத்தியை எட்டு மணிக்குச் சாப்பிட்டேன்.

தாம்பூலக் கொட்டானுக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, கல்யாண வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கேட்கிறார்கள். இன்று ஒருவர் வளைகாப்புக்கு 60 சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 4, சனி

அத்தையை வரவழைத்தேன். கடை வாசலில் பாயை விரித்து முடைய உட்கார்ந்தார். அவ்வளவுதான், கூட்டம். பாதிப்பேர் போனில் படம் எடுக்கவே வந்தவர்கள். ஒரு தம்பி, “மரத்தை வெட்டித்தானே இதெல்லாம் செய்றீங்க?” என்று கேட்டான். குருத்து வெட்டினால் மரம் போய்விடாது, அளவாக எடுத்தால் அடுத்த குருத்து வரும், மரத்தை வெட்டத்தான் இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது என்றேன். அத்தை நிமிர்ந்தே பார்க்காமல், “மரத்த வெட்டிப்புட்டு நாங்க எதை வச்சுக் கஞ்சி குடிக்க?” என்றார். அவன் ஒரு விசிறி வாங்கிக்கொண்டான்.

நான் டீ வாங்கப் போன பத்து நிமிஷத்தில் ஒரு மூடிப்பெட்டியை 300-க்குக் கொடுத்துவிட்டார். “வயர் கூடையே எரநூறுதான்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு, பாவமா இருந்துச்சு.” எனக்கு வந்த கோபத்தில் டீ கொட்டிவிட்டது.

போன் வழியாகப் பணம் வந்தால் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் வேறு அவருக்கு ஆகவில்லை. “ஊருக்கெல்லாம் ஏன் சொல்லுது? அமத்து அத.”

ஜனவரி 5, ஞாயிறு

நல்ல கூட்டம். எழுத நேரமில்லை, ஒன்றைத் தவிர.

நாலு மணி இருக்கும். உடன்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வந்தார். பேச்சிலேயே ஊர் தெரிந்தது. சிவப்புச் சாயம் போட்ட பெட்டியைத் திருப்பி, அடி மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஓலை விலகியது. ஒன்றும் சொல்லவில்லை, அத்தையைப் பார்த்தார். அத்தையும் வாங்கி அழுத்திப் பார்த்தார். பேரம் பேசுவார் என்று நினைத்தேன். “ஆனாலும் வேணும், கலர் நல்லாருக்கு, நானூறு தாரேன்” என்றுதான் ஆச்சி சொன்னார்.

“இது விக்கிறதுக்கு இல்ல” என்று அத்தை அதை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வேறொன்றை எடுத்து மூலையை அழுத்திக் காட்டினார். ஆச்சி 650 கொடுத்துவிட்டுப் போனார்.

சிவப்புப் பெட்டி நான் முடைந்தது. அத்தைக்கும் தெரியும். நேற்று நல்ல பெட்டியை முந்நூறுக்குத் தூக்கிக் கொடுத்தவர், இன்று மோசமானதை நானூறுக்கு விட மறுக்கிறார். இவரை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது?

ஜனவரி 6, திங்கள்

கடையை ஏறக்கட்டிப் பஸ் பிடிக்கும்போதே விடிந்துவிட்டது. மீதி 38 உருப்படி. வாடகையும் கூலியும் போக கையில் நின்றது 6,200. முன்பணம் தனி.

அருப்புக்கோட்டை தாண்டும்வரை அத்தை சிவப்புப் பெட்டியை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டே வந்தார். மடிப்பு விழுந்த ஓலை மறுபடி பெட்டிக்கு ஆகாது. நல்ல துண்டாக நாலைந்து எடுத்து, உள்ளே இரண்டு வேர்க்கடலை போட்டு, கிலுகிலுப்பை ஒன்று முடைந்தார். முன் சீட்டுக் குழந்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கையில் கொடுத்ததும் குழந்தையின் அம்மா திரும்பி, “எவ்வளவும்மா?” என்றார்.

அத்தை என் பக்கம் கையைக் காட்டினார். “இவகிட்டக் கேளுங்க.”